ராயல்டி வேண்டாம் என்ற இன்ஜினியர்: ஸ்டீவ் ஆல்பினி

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு கடிதத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1992ஆம் வருடக் கடைசி. நிர்வாணா அப்போது உலகத்தின் மிகப் பெரிய ராக் பேண்டுகளில் ஒன்று. முந்தின வருடம் வந்த அவர்களுடைய 'நெவர்மைண்ட்' ஆல்பம், மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் இடத்தில் இருந்து கீழே இறக்கியிருந்தது. அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய சிகாகோவில் இருக்கிற 30 வயது இன்ஜினியர் ஒருவரைக் கேட்கிறார்கள். அவர் பதில் எழுதுகிறார். எப்படி வேலை செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் பணத்துக்கு வருகிறார்.

அதன் சாரம் இதுதான். எனக்கு ராயல்டி வேண்டாம். ஒரு பிளம்பருக்குக் கொடுக்கிற மாதிரி கொடுங்கள். வேலையைச் செய்கிறேன், அதற்கு என்ன மதிப்போ அதை ஒரே தடவையில் கொடுத்துவிடுங்கள். நான் ஒன்று அல்லது ஒன்றரை சதவீதம் கேட்பேன் என்று உங்கள் ரெக்கார்டு கம்பெனி எதிர்பார்க்கும். 30 லட்சம் பிரதி விற்றால் அது சுமார் 4 லட்சம் டாலர். அவ்வளவு பணத்தை வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

இதை எழுதியவர் ஸ்டீவ் ஆல்பினி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்டார்ட்அப், ஈசாப், ஈக்விட்டி என்று பேசுகிற ஊரில் வேலை பார்க்கிற எனக்கு, இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. கம்பெனியே கூப்பிட்டுப் பங்கு தருகிறேன் என்கிறது, இவர் சம்பளம் மட்டும் போதும் என்கிறார். நல்லவர், கொள்கைவாதி என்று சொல்லிவிட்டுக் கடந்து போயிடலாம். ஆனா அவரோட கணக்கு அதைவிட சுவாரசியமானது. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம ஊரில் புரொட்யூசர் என்றால் பணம் போடுகிறவர், பட முதலாளி. அமெரிக்க, பிரிட்டிஷ் இசை உலகத்தில் ரெக்கார்டு புரொட்யூசர் என்பவர் சினிமா டைரக்டர் மாதிரி. எந்தப் பாட்டு ஆல்பத்தில் இருக்கணும், டெம்போ என்ன, இந்த டேக் போதுமா, கிதாரை மறுபடி வாசிக்கணுமா என்று தீர்மானிப்பவர் அவர். ரெக்கார்டிங் இன்ஜினியர் கேமராமேன் மாதிரி. எந்த மைக், எங்கே வைப்பது, எவ்வளவு லெவலில் எடுப்பது என்பது அவர் வேலை. ஆல்பினியை உலகம் புரொட்யூசர் என்று கூப்பிட்டது. அவருக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. நான் இன்ஜினியர், பதிவு செய்கிறேன், அவ்வளவுதான் என்பார். ஆல்பம் அட்டையில் பெயர் போட்டே ஆகணும் என்றால் 'பதிவு செய்தவர்' என்று போடுங்கள், போடாவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் அவர் நிலை.

சரி, பணத்துக்கு வருவோம். ரெக்கார்டு ஒப்பந்தங்களில் 'பாயிண்ட்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு பாயிண்ட் என்றால் விற்பனையில் ஒரு சதவீதம். பெரிய புரொட்யூசர்கள் முன்பணமும் வாங்குவார்கள், மேலே மூன்று பாயிண்டும் வாங்குவார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு: அந்தப் பாயிண்ட் பெரும்பாலும் கம்பெனியின் பங்கிலிருந்து போகாது. பேண்டின் ராயல்டியிலிருந்துதான் கழியும்.

இதை ஆல்பினி 1993இல் 'தி பேஃப்ளர்' என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரையாக எழுதினார். தலைப்பு, 'இசையில் உள்ள பிரச்சினை'. எழுதின விதம் ரொம்பக் காரம், வீட்டில் சத்தம் போட்டுப் படிக்க முடியாது. ஆனால் அதன் இதயம் ஒரு எக்செல் ஷீட் மாதிரியான கணக்கு. கற்பனையாக ஒரு பேண்ட். நான்கு பேர். பெரிய கம்பெனி 2,50,000 டாலர் முன்பணம் தருகிறது. ஆஹா, வாழ்க்கை செட்டில் என்று நினைக்கிறார்கள். மானேஜருக்கு 15 சதவீதம், அதாவது 37,500. பதிவுக்கு 1,50,000, அதில் 50,000 புரொட்யூசருக்கு முன்பணம். வீடியோவுக்கு 30,000. வக்கீல், அட்டைப்பட வடிவமைப்பு, டூர் என்று வரிசையாக ஓடுகிறது.

ஆல்பம் நன்றாகவே போகிறது. 2,50,000 பிரதி, ஒன்று 12 டாலர். கடையில் புரண்ட மொத்தப் பணம் 30 லட்சம் டாலர். பேண்டின் ராயல்டி 13 சதவீதம், ஆனால் அதை விற்பனையின் 90 சதவீதத்துக்குத்தான் கணக்குப் போடுவார்கள். அந்தப் பத்து சதவீதக் கழிவு ஏன் என்று கேட்காதீர்கள், வழக்கம். ஆக ராயல்டி 3,51,000 டாலர். அதிலிருந்து கொடுத்த முன்பணம் 2,50,000 கழிகிறது. புரொட்யூசரின் மூன்று பாயிண்ட், முன்பணம் போக, 40,000. விளம்பரத்துக்கு 25,000. பழைய சின்னக் கம்பெனியிடமிருந்து பேண்டை விடுவித்த செலவு 50,000. கூட்டிக் கழித்தால் மைனஸ் 14,000. நல்லா விற்ற ஆல்பத்துக்கு அப்புறமும் பேண்ட் கம்பெனிக்குக் கடன் பாக்கி.

டூர், டி-ஷர்ட் எல்லாம் சேர்த்து ஒவ்வொருத்தருக்கும் கையில் நின்றது 4,031 டாலர் 25 சென்ட். ரெக்கார்டு கம்பெனிக்கு 7,10,000. புரொட்யூசருக்கு 90,000. அந்த 25 சென்டை விடாமல் எழுதியிருக்கிறார் பாருங்க, அங்கேதான் மனுஷனோட கோபம் தெரியுது.

இப்போ அந்தப் பிளம்பர் வரியை மறுபடி யோசிச்சுப் பாருங்க. இந்தப் பட்டியலில் அவர் உட்கார வேண்டிய நாற்காலி எது? அந்தப் புரொட்யூசர் நாற்காலி. நாலு பேர் சேர்ந்து சம்பாதித்ததைவிட ஐந்து மடங்குக்கும் மேலே தனியாக எடுத்துக்கொண்டு போகிற ஆள். அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுதான் அவர் எழுதினார். பாட்டை எழுதினவர்கள் அவர்கள், வாசித்தவர்கள் அவர்கள், ரசிகன் காசு கொடுப்பது அவர்களுக்கு. ஒரு குழாயைப் பொருத்திவிட்டு, வாழ்நாள் முழுக்க அந்த வீட்டுக்காரர் குடிக்கிற தண்ணீருக்கெல்லாம் காசு கேட்கலாமா என்பது அவர் கேள்வி.

ஆள் எங்கிருந்து வந்தார்? 1962இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். வளர்ந்தது மலையும் காடுமாக இருக்கிற மொன்டானா மாநிலத்தில், மிசூலா என்ற ஊரில். அப்பா காட்டுத்தீயை ஆராய்ந்த விஞ்ஞானி. மகன் பங்க் இசையில் விழுந்தார். சிகாகோ பக்கத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தது ஜர்னலிசம், ஒலிப் பொறியியல் இல்லை. கையில் காசு இல்லாத காலத்தில் ஒரு நண்பரிடம் நான்கு டிராக் டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி (வாடகை ஒரு பெட்டி பீர்), தனியாகவே கிதார் வாசித்து, பாடி, 'பிக் பிளாக்' என்ற பெயரில் 1982இல் முதல் ரெக்கார்டைப் போட்டார். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாததால் ரோலண்ட் கம்பெனியின் டிரம் மெஷின். அப்புறம் முழு பேண்ட் ஆனபோதும் டிரம்மர் பெயர் 'ரோலண்ட்' என்றே அட்டையில் போட்டார்கள். பகலில் புகைப்படங்களுக்கு டச்சப் பண்ணும் வேலை. ராத்திரியில் நண்பர்களுடைய பேண்டுகளுக்குப் பதிவு.

1987 டிசம்பரில் பாஸ்டனில் 'பிக்ஸீஸ்' என்று யாருக்கும் தெரியாத ஒரு பேண்டின் 'சர்ஃபர் ரோசா' ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஏறக்குறைய பத்து நாள் வேலை. சம்பளம் 1,500 டாலர், ராயல்டி இல்லை. அதாவது நிர்வாணாவுக்கு எழுதிய வரி திடீர் ஞானோதயம் கிடையாது, ஐந்து வருடம் முன்னாடியே அதுதான் பழக்கம். அந்த ஆல்பத்தில் 'வேர் இஸ் மை மைண்ட்' என்ற பாட்டு இருக்கிறது. 'ஃபைட் கிளப்' படத்தின் கடைசியில் கட்டடங்கள் சரியும்போது வரும் பாட்டு. பின்னணியில் மிதக்கிற அந்தப் பெண் குரலின் எதிரொலி எந்த இயந்திரத்திலிருந்தும் வரவில்லை. நிஜமான எதிரொலி வேண்டும் என்று ஸ்டுடியோவின் பாத்ரூமில் நிற்க வைத்துப் பாட வைத்தார்.

இங்கே அவருடைய வேலை முறையைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

ராக் பதிவில் டிரம்ஸுக்கு ஒவ்வொரு மேளத்துக்கும் கிட்டத்தில் ஒரு மைக் வைப்பார்கள். கிட்ட வைத்தால் அடி துல்லியமாகக் கேட்கும். ஆனால் நிஜ வாழ்க்கையில் யாரும் டிரம்முக்கு இரண்டு அங்குலத்தில் காதை வைத்துக் கேட்பதில்லை. அறையில் நின்று கேட்கிறோம். அந்த அறைதான் ஆல்பினிக்கு முக்கியம். தள்ளித் தள்ளி மைக் வைப்பார். சில மைக்குகளைத் தரையிலேயே வைப்பார். ஏன் தரை? மைக் ஸ்டாண்டில் உயரமாக இருந்தால் டிரம்மிலிருந்து நேராக வரும் ஒலியும், தரையில் பட்டுத் திரும்பி வரும் ஒலியும் கொஞ்சம் முன்பின்னாக வந்து சேரும். சில அலைவரிசைகளில் ஒன்றை ஒன்று அடித்துவிடும், ஒலி குழாய்க்குள் இருந்து வருவது போல ஆகும். மைக் தரையோடு ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிடும், பிரச்சினையே இல்லை.

அடுத்த வித்தை இன்னும் எளிது. அந்தத் தூரத்து மைக்குகளின் ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்துவார். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 20 மில்லிசெகண்ட் தாமதம் என்றால், மைக்கை ஏறக்குறைய ஏழு மீட்டர் பின்னால் தள்ளின மாதிரி. சின்ன அறை, காதுக்குப் பெரிய மண்டபம். கூடவே முதல் அடி சுத்தமாகக் கேட்டு, அறை அதற்குப் பின்னால் வந்து சேருகிறது. இதெல்லாம் செய்துவிட்டுப் பேண்டை ஒன்றாக நிற்க வைத்து வாசிக்கச் சொல்வார், பதிவாகும். அவ்வளவுதான். பேண்ட் சுமாராக வாசித்தால் ஆல்பம் சுமாராகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்து மறைப்பது தன் வேலையில்லை என்று நினைத்தார்.

கடைசி வரை டேப்பை விடவில்லை. இரண்டு அங்குல அகல டேப், 24 டிராக். ஒரு சுருள் 2,500 அடி. நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் பதினாறு நிமிடம் சொச்சம்தான், அதற்குள் சுருள் காலி. அன்டூ கிடையாது. வெட்டி ஒட்டணும் என்றால் பிளேடை எடுக்கணும். இது ஏதோ பழைய பொருள்மீது பாசம் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன், ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு: ஒரு பேண்டின் வாழ்நாள் வேலை என் கையில் இருக்கிறது, ஐம்பது வருடம் கழித்தும் அதைத் திறக்க முடியணும். டேப்பை அலமாரியிலிருந்து எடுத்து மெஷினில் மாட்டினால் பாடும். டிஜிட்டல் ஃபைல், அதைத் திறக்கும் சாஃப்ட்வேர், அந்த சாஃப்ட்வேர் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம், நடுவில் நின்றுபோன பிளக்-இன் என்று ஒரு சங்கிலி. ஏழெட்டு வருடம் முன்னாடி எழுதின ப்ராஜெக்டை இன்னைக்கு பில்ட் பண்ணிப் பார்த்தவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

இப்போ நிர்வாணா. பிக்ஸீஸும், ஆல்பினி பதிவு செய்த 'தி பிரீடர்ஸ்' ஆல்பமும் கர்ட் கோபேனுக்கு ரொம்பப் பிடித்தவை. 'நெவர்மைண்ட்' பளபளப்பாகிவிட்டது, அடுத்தது அந்த மாதிரி கரடுமுரடாக இருக்கணும் என்று ஆசைப்பட்டார். 1993 பிப்ரவரியில் மின்னசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரின் பாச்சிடெர்ம் ஸ்டுடியோ. வெளியே பனி. யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒரு கிராமிய இசைக்குழு மாதிரிப் போலிப் பெயரில் ஸ்டுடியோவை புக் செய்திருந்தார்கள். ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் யாரோ சொதப்புகிறார்கள் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தார். இங்கே மிக்ஸிங்கும் சேர்த்து இரண்டு வாரம் ஆனது. கோபேன் பெரும்பாலான பாட்டுகளின் குரலை ஆறு ஏழு மணி நேரத்தில் பாடி முடித்தார். ஸ்டுடியோச் செலவு 24,000 டாலர். ஆல்பினியின் சம்பளம் 1,00,000 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 31 லட்சம் ரூபாய்.

லட்சம் டாலர் வாங்குற பிளம்பர் யாருப்பா என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் ஒரே ரேட் போடுகிறவர் இல்லை. காசில்லாத சின்ன பேண்டுகளிடம் சொற்பம், பின்னால் பெரிய கம்பெனி இருந்தால் பெரிய தொகை. எவ்வளவாக இருந்தாலும் ஒரே தடவை. அதுக்கப்புறம் பாட்டு அவர்களுடையது.

பிரச்சினை பதிவுக்குப் பின்னால் வந்தது. கம்பெனிக்கு ஆல்பம் பிடிக்கவில்லை என்ற செய்தி பத்திரிகைகளில் கசிந்தது. ஆல்பினியே ஒரு சிகாகோ நாளிதழிடம் வாயைத் திறந்தார். 'நியூஸ்வீக்' எழுதியது. பேண்ட் 'பில்போர்டு' பத்திரிகையில் முழுப் பக்க மறுப்பு விளம்பரம் கொடுத்தது. கடைசியில் பாப் லுட்விக் என்ற மாஸ்டரிங் இன்ஜினியர் ஒலியை மெருகேற்றினார். 'ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' என்ற இரண்டு பாட்டுகளை மட்டும் ஸ்காட் லிட் என்பவர் மறுபடி மிக்ஸ் செய்தார். செப்டம்பரில் 'இன் யூட்டெரோ' வெளியாகி அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. அமெரிக்காவில் மட்டும் விற்பனை 50 லட்சம் பிரதியைத் தாண்டியது. கடிதத்தில் அவர் போட்ட 30 லட்சம் கணக்கே குறைச்சல். வேண்டாம் என்று விட்ட தொகையை நீங்களே பெருக்கிப் பாருங்க.

இதற்கப்புறம் வாய்ப்பு குவிந்திருக்கும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. அடுத்த ஒரு வருடம் கிட்டத்தட்ட திவாலாகும் நிலைமை என்று அவரே பின்னால் பேட்டிகளில் சொன்னார். பெரிய கம்பெனிகளுக்கு இவன் வம்பு பிடிச்சவன். சின்ன பேண்டுகளுக்கோ, நிர்வாணாவோடு வேலை பார்த்தவர் நம்மளுக்கெல்லாம் கட்டுப்படியாக மாட்டார் என்ற பயம். ராயல்டி வாங்கியிருந்தால் அந்த வருடம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

வண்டி மறுபடி ஓட ஆரம்பித்ததும் அவர் செய்தது, சிகாகோவின் பெல்மாண்ட் அவென்யூவில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கியது. 1997இல் 'எலக்ட்ரிக்கல் ஆடியோ' திறந்தது. இரண்டு ஸ்டுடியோ. ஒலிக்காக உள்ளே அடோபி என்ற மண் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினார்கள். வெளியூர் பேண்டுகள் ஹோட்டலுக்குச் செலவழிக்க வேண்டாம் என்று மேலே தூங்க அறைகள். ஆட்கள் மெக்கானிக் போடுகிற மாதிரி ஓவரால் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். லெட் செப்பலின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் தங்கள் 1998 ஆல்பத்துக்கு இவரைக் கூப்பிட்டார்கள். ஜோன்னா நியூசமின் 'ஈஸ்' ஆல்பத்தில் ஹார்ப்பும் குரலும் இவர் பதிவு. சத்தமான ராக் மட்டும்தான் இவருக்கு வரும் என்று யாராவது சொன்னால் அதைப் போட்டுக் காட்டுங்க. அதே சமயம் பெயரே கேள்விப்படாத நூற்றுக்கணக்கான பேண்டுகளும் நேராக ஃபோன் செய்து தேதி வாங்கி வந்து பதிவு செய்துகொண்டு போனார்கள். மொத்தம் ஆயிரம் ஆல்பங்களைத் தாண்டும்.

இப்போ என் கருத்து. ஒரே தடவை சம்பளம் என்பதே புனிதம் என்று எடுத்துக்கக்கூடாது. கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்று ஒரு டிரம்மர். ஜேம்ஸ் பிரவுனின் 1970ஆம் வருட 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் சில நொடிகள் தனியாக வாசித்தார். பப்ளிக் எனிமி உட்பட எண்ணற்ற ஹிப்ஹாப் பாட்டுகளுக்குக் கீழே ஓடுவது அந்தத் துண்டுதான். பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லாததால் ராயல்டி கிடைக்கவில்லை. அவரும் வேலை செய்தார், கூலி வாங்கினார், கதை முடிந்தது. பிளம்பர் கணக்குதானே? இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கு. ஆல்பினி விலையை அவரே சொன்னார், அவரே வேண்டாம் என்றார். ஸ்டபிள்ஃபீல்டை யாரும் கேட்கவே இல்லை. உங்க ஆஃபர் லெட்டரில் பங்கு இருக்கணுமா, சம்பளம் போதுமா என்று யோசிக்கும்போது, யார் பங்கிலிருந்து அது வருது, மறுக்கிற நிலைமையில் நீங்க இருக்கீங்களா, இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்க. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்கு எடுத்துக்கோ என்றார்கள். கம்பெனி கைமாறினபோது அந்தப் பங்கின் மதிப்பு ஒரு டீ செலவுக்குக்கூட வரவில்லை. அதனால எனக்கு இதில் கொஞ்சம் சாய்வு உண்டு, அதையும் சொல்லிடறேன்.

இன்னொரு விஷயத்தை விட்டுவிட்டு ஆல்பினியைப் பேசினால் அது நேர்மையாக இருக்காது. இளம் வயதில் அதிர்ச்சி கொடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார். 80களின் கடைசியில் அவர் நடத்திய ஒரு பேண்டின் பெயரை இந்த பாட்காஸ்டில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எழுத்திலும் பேச்சிலும் இனவெறி, பெண்வெறுப்பு வார்த்தைகளை நகைச்சுவை என்று வீசியவர். பிக்ஸீஸைக்கூட பத்திரிகையில் மட்டம் தட்டினார், பின்னால் அதற்காக வருந்தினார். 2021இல் ட்விட்டரில் அந்தக் காலத்துப் பேச்சுக்கெல்லாம் தானே பொறுப்பு என்று நீளமாக எழுதினார். எனக்கு அதில் பிடித்தது, 'அந்தக் காலம் அப்படி' என்று தப்பிக்கவில்லை. என்னைப் போன்ற வசதியான இடத்தில் இருந்தவனுக்கு அது ஜோக், அந்த வார்த்தை யார்மேல் விழுந்ததோ அவர்களுக்கு அது ஜோக் கிடையாது என்ற அர்த்தத்தில் பேசினார். ஒரு ஆளோட ஒப்பந்த நேர்மைக்கும் வாய் நேர்மைக்கும் சம்பந்தம் இல்லாமலே பல வருடம் போகலாம் போல.

2014இல் மெல்போர்னில் ஒரு மாநாட்டில், இன்டர்நெட் வந்து நான் சொன்ன பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்று பேசினார். பேண்டும் ரசிகரும் நேராகப் பேசிக்கொள்கிறார்கள், நடுவில் இருந்த கூட்டம் காணாமல் போனது என்பது அவர் வாதம். இதில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. நடுவில் இருந்தவர்கள் போகவில்லை, அவங்க இப்போ ஆப் ஆகிட்டாங்க. ஆனால் சிகாகோவில் ஒரு பேண்ட் தன் வீட்டிலேயே பதிவு செய்து உலகத்துக்கு அனுப்ப முடிகிறது என்பது உண்மைதான், ஸ்டுடியோ நடத்துகிற அவருக்கு அது நஷ்டம் என்று தெரிந்தும் அதைக் கொண்டாடினார்.

ஸ்டுடியோ எப்போதும் விளிம்பில்தான் ஓடியது. இடையில் வருமானத்துக்கு ஒரு துணை வழி இருந்தது: போக்கர். பொழுதுபோக்கு ஆட்டம் இல்லை. உலக சீரிஸ் போட்டிகளில் 2018இல் ஒன்று, 2022இல் ஒன்று என இரண்டு முறை ஜெயித்தார். முதல் தடவை 1,05,629 டாலர், இரண்டாவது தடவை 1,96,089 டாலர். இரண்டுமே 'இன் யூட்டெரோ' சம்பளத்தைவிட அதிகம்.

2024 மே 7. மாரடைப்பு வந்து இறந்தார். 61 வயது. அவருடைய சொந்த பேண்ட் 'ஷெல்லாக்' பத்து வருடம் கழித்துப் போட்ட 'டு ஆல் டிரெய்ன்ஸ்' ஆல்பம் சரியாகப் பத்து நாள் கழித்து வெளிவந்தது.

எபிசோடை முடிக்கும் முன் ஒரு சின்ன ஹோம்வொர்க். 'இன் யூட்டெரோ'வின் 20ஆம் ஆண்டுப் பதிப்பு 2013இல் வந்தது. அதில் கம்பெனி மாற்றச் சொன்ன அந்த இரண்டு பாட்டுகளின் ஆல்பினி மிக்ஸும் இருக்கு. நல்ல ஹெட்ஃபோன் போட்டு, முதலில் எல்லாருக்கும் தெரிந்த 'ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்' கேளுங்க, உடனே அவர் மிக்ஸைக் கேளுங்க. கோபேனோட குரல் எங்கே நிற்குதுன்னு மட்டும் கவனிங்க: உங்க காதுக்குப் பக்கத்திலா, இல்ல டிரம்ஸோட அதே அறைக்குள்ளயா. எது பிடிச்சதுன்னு எழுதி அனுப்புங்க. என் வீட்டில் இதில் இரண்டு கட்சி இருக்கு.